சொல்லாமல் விட்ட ஒரு ஆள்

லேக் மார்க்கெட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் பெத்துராஜ், தன் மனைவி வனஜா இறந்த செய்தியைச் சொல்லாமல் விட்ட ஆள் கொல்கத்தாவில் ஒருவர்கூட இல்லை என்றுதான் டிசம்பர் வரை நம்பிக்கொண்டிருந்தார். மார்ச் மாதம் அந்த அம்மாள் கண்ணை மூடியதும் சபையில் அறிவிப்பு வாசித்தாயிற்று. அட்டை அடித்து ஆட்டோ ஸ்டாண்டு வரை கொடுத்தாயிற்று. மீன்காரி, சிலிண்டர் போடுகிறவர், பத்து வருடத்துக்கு முன்னால் வீடு மாற்றிப் போன எதிர்வீட்டு வங்காளிக் குடும்பம், வனஜாவுக்கு ஒரே ஒரு தடவை ரத்தம் எடுத்த பெண், எல்லோருக்கும் தகவல் போய்விட்டது. லோன் வேண்டுமா என்று போனில் கூப்பிட்ட ஒருவனுக்கும் சொன்னார். அவன் இந்தியில் இரண்டு நிமிடம் ஆறுதல் சொல்லிவிட்டு, அப்படியானால் சின்ன லோனாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றானாம்.

"அப்பிடியும் ஒரு ஆள விட்டுருக்கேன்," என்றார் பெத்துராஜ்.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி காலை. கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்டூல்கள். ஒன்றில் துப்பறிவாளர் கீதாஞ்சலி. முப்பத்தாறு வயது. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விண்ணப்பங்களைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து அலுத்துப்போய், பவானிபூரில் ஒரு ஹோமியோபதிக் கடையின் மாடியில் சொந்தமாகப் பலகை மாட்டியவள். இன்னொரு ஸ்டூலில் அவளுடைய உதவியாளர் ரமேஷ்பாபு. போத்தனூர்க்காரர். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஹவுராவில் ஓய்வு பெற்றவர். அவளைவிட இருபத்தாறு வயது மூத்தவர், இருநூறு கிலோ அதிகமாகப் பேசுகிறவர்.

அவருக்கு ஒரு தனித் திறமை உண்டு. இருபத்தெட்டு வருடம் மேல்பெர்த்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பாதங்களைப் பார்த்தே வேலை செய்தவர். முகம் மறந்துபோகும், பாதம் மறக்காது. கராக்பூர் தாண்டி விளக்கு அணைந்த பெட்டியில், டார்ச் வெளிச்சத்தில் பாதங்களை மட்டும் பார்த்து டிக்கெட் இல்லாத நாலு பேரை இறக்கியதாகச் சொல்வார். அதில் ஒருவர் பெரிய அதிகாரியின் சம்பந்தி. இதை யாராவது நம்பாவிட்டால் சம்பந்தியை மைத்துனர் என்று குறைத்துக்கொள்வார்.

பெத்துராஜ் கல்லாமேல் பதினோரு பொருள்களைப் பரப்பினார். ஒரு மெல்லிய கம்பளிச் சால்வை. குரோஷாவில் பின்னிய கைப்பை. துணிக் கம்மல். மணி கோத்த மாலை. மூக்குக்கண்ணாடி உறை. இன்னும் அப்படிப்பட்டவை. எல்லாம் கையால் செய்தவை, எல்லாம் பெண்பிள்ளை பயன்படுத்துகிறவை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்பு நூலால், தமிழில், வனஜா என்று தைத்திருந்தது.

எட்டாம் தேதியிலிருந்து தினம் ஒன்றாக வருகின்றனவாம். கடை மதியம் ஒன்றரைக்கு அடைத்து நாலரைக்குத் திறக்கும். அந்த நேரத்தில் அவர் மாடியில் வீட்டில் படுத்துவிடுவார். எழுந்து கதவைத் திறந்தால், கைப்பிடியில் தொங்குகிற பால் பைக்குள் ஒரு பொட்டலம் இருக்கும். வைத்தவன் முகத்தைப் பார்த்ததில்லை.

"வச்சவன் மேல எனக்குக் கோவம் கிடையாது," என்றார் பெத்துராஜ். "அவளுக்குன்னு ஆசையா வாங்குதான். அவ இல்லன்னு அவனுக்குத் தெரியல. கிறிஸ்துமஸுக்கு முன்ன அவனக் கண்டுபிடிச்சுக் குடுங்க. நான் சொல்லிக்கிடுதேன். வேற ஆள் வாயால அவன் கேட்கப்பிடாது."

ரமேஷ்பாபு குனிந்து கைப்பையை ஆராய்கிற சாக்கில் அவருடைய பாதங்களைப் பார்த்துவிட்டார். பழக்க தோஷம். வலது கட்டைவிரல் நகம் இரண்டாகப் பிளந்து கறுத்திருந்தது. ஏனுங்க அண்ணாச்சி, படிக்கல் விழுந்ததுங்களா என்று கேட்டார். அஞ்சு கிலோ, தொண்ணூத்தாறாம் வருஷம் என்றார் பெத்துராஜ்.

கீதாஞ்சலி சால்வையை மூக்கருகில் கொண்டுபோனாள். பிறகு அது சுற்றி வந்த செய்தித்தாளை முகர்ந்தாள். சால்வையை ரமேஷ்பாபுவிடம் நீட்டினாள். அவர் முகர்ந்துவிட்டு, உள்ளே கேக்கு, வெளியே பெருங்காயம், இந்த ஆள் சாப்பாட்டு விஷயத்தில் ஒரு முடிவுக்கு வரவேண்டும் என்றார்.

அதுதான் துப்பு. கீதாஞ்சலி விரல் விட்டு எண்ணினாள். ஊரில் கிறிஸ்துமஸ் கைவினைச் சந்தைகள் ஆறோ ஏழோ நடக்கின்றன. மைதானத்திலேயே அடுப்பு போட்டுச் சுடச்சுடக் கேக் எடுப்பது பவானிபூரில் ஒன்றில் மட்டும். அடுப்புக்குப் பக்கத்துக் கடை, தமிழ் எழுத்துத் தெரிந்த கை. செய்தவர் கிடைத்துவிடுவார். வாங்கியவர் யார் என்பது அடுத்த கேள்வி. பெருங்காயம் மணக்கிற இடத்தில் வைத்துப் பொட்டலம் கட்டியிருக்கிறார். அப்படியென்றால் மளிகைக்காரர்.

இந்த ஏரியாவில் நம்மூர் மளிகைக்கடை ஐந்து. ஐந்து பேரும் வனஜாவின் சவப்பெட்டியைத் தூக்கியவர்கள், அவர் இறந்தது தெரிந்தவர்கள்.

பெத்துராஜ் பொட்டலத்தின் சணல் கயிற்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சுவாரசியம் வந்துவிட்டது அவருக்கு. "இது இந்தக் காலத்து ஆள் கட்டுனதில்ல. இப்பம்லாம் எல்லாத்துக்கும் பிளாஸ்டிக்தானே. இதுல முடிச்சே கிடையாது பாத்தியளா? கடைசிச் சுத்துல முறுக்கிச் செருகிருக்கு. ஹவுராவுல எங்க பெரிய அண்ணாச்சி கடையிலதான் இப்பிடிச் சொல்லிக் குடுப்பாவ. அங்க பொட்டலம் கட்டுனது மூணு பேரு. ஒருத்தன் போய்ச் சேந்துட்டான். நான் இங்க இருக்கேன்." கயிற்றைக் கீழே வைத்தார். "மிச்சம் முத்துக்குமாரு."

முத்துக்குமார் கதையை அவர் மெதுவாகத்தான் சொன்னார். இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்து ஒரே சோப்பில் குளித்தவர்கள். வனஜாவின் அப்பா ஹவுராவில் லேத் பட்டறையில் இருந்தார். பெண்ணை முதலில் கேட்டது முத்துக்குமார். அதற்குள் பெத்துராஜுக்கு இந்தக் கடை அமைந்துவிட்டது, அப்பா கடைக்காரனுக்குக் கொடுத்துவிட்டார். கல்யாணத்துக்கு முந்தின நாள் முத்துக்குமார் ரயில் ஏறியவன், முப்பத்திரண்டு வருடமாகச் சேதி இல்லை.

எந்த ரயிலுங்க, டிக்கெட் எடுத்தாரா என்று கேட்டார் ரமேஷ்பாபு. கீதாஞ்சலி அவருடைய காலை மிதித்தாள்.

"வந்திருக்கான்," என்றார் பெத்துராஜ். "அவனாத்தான் இருக்கும். கிழவனா வந்து அவளுக்கு மணி மாலை வாங்குதான். எம்மா, அவனப் பாத்ததும் எனக்கு ஒரு போன் போடுங்க. ஆட்டோவுல பத்து நிமிஷத்துல வந்துருவேன். அவன் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லணும்."

*

மைதானம் ஒரு பழைய பள்ளிக்கூடத்துடையது. வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருக்க, வாசலில் பஞ்சுப் பனி கொட்டிக்கிடந்தது. கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போட்டவர் தாடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு ஜால்முரி என்ற காரப்பொரியைத் தின்றுகொண்டிருந்தார். சுடுமண் கம்மல், சணல் பை, மெழுகுவத்தி, களிமண் குடில்கள், எதை எடுத்தாலும் கையால் செய்தது என்று எழுதிய அட்டை. அந்த அட்டைகள் மட்டும் அச்சடித்தவை.

கேக் அடுப்பை மூக்கே காட்டிவிட்டது. பக்கத்துக் கடையில் ஒரு பெண் குரோஷா ஊசியை ஆட்டிக்கொண்டிருந்தாள். பெயர் ஜெயப்ரியா. அப்பா துறைமுகத்தில் வேலை, பிறந்து வளர்ந்தது குவார்ட்டர்ஸில். தமிழ் பேசுவாள், நடுநடுவே வங்காளம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கீதாஞ்சலி மணி மாலையைக் காட்டியதும் சிரித்தாள்.

"இது வனஜா ஆன்ட்டிக்குப் போனது. அந்தக் காக்கு, அதான் அங்கிள், இன்னிக்கும் வருவாரு. மானே, அதாவது, ரெண்டேகாலுக்கு டாண்ணு வருவாரு. நான் பேர் தைக்கிற வரைக்கும் நின்னு பார்ப்பாரு."

ஆள் எப்படி இருப்பார் என்று கேட்டாள் கீதாஞ்சலி. ஜெயப்ரியா யோசித்துவிட்டு, குரங்குக் குல்லா போட்டிருப்பார் என்றாள்.

ரமேஷ்பாபு தலையில் கைவைத்துக்கொண்டார். விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொல்கத்தாவில் தீபாவளி வெடிச் சத்தம் அடங்கிய மறுநாள், ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் அத்தனை பேரும் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற கம்பளிக் குல்லாவுக்குள் போய்விடுவார்கள். பிப்ரவரியில்தான் வெளியே வருவார்கள். டாலிகஞ்சில் ஒரு வீட்டில் டிசம்பர் முழுக்க மாமனார் என்று நினைத்து வேறு யாருக்கோ சோறு போட்டார்களாம். குல்லாவைக் கழற்றியபோது அவர் ரொம்ப நல்லவராக இருந்ததால் அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஆக, குரங்குக் குல்லா போட்ட கிழவர் என்றால் அது அடையாளம் இல்லை. அது வானிலை அறிக்கை.

"என்ன பேசுவார்?" என்றாள் கீதாஞ்சலி.

ஜெயப்ரியாவின் ஊசி நின்றது. "பாவம் அவரு. டெய்லி அதேதான் சொல்வாரு. நேத்துக் குடுத்ததப் பத்தி அவ ஒண்ணுமே சொல்லல, பிடிக்கலபோல, வேற நல்லதாக் குடுன்னு. ஆன்ட்டி ரொம்ப ஸ்ட்ரிக்ட் போல."

கேக் கடையில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். கீதாஞ்சலி மணி மாலையை மெதுவாகப் பைக்குள் வைத்தாள். முப்பத்திரண்டு வருடம் கழித்து வந்த ஒரு மனிதன், தினம் ஒரு பரிசை ஒரு கதவில் தொங்கவிட்டுவிட்டு, ஒரு வார்த்தை பதில் வருமா என்று காத்திருக்கிறான். உள்ளே பதில் சொல்ல ஆள் இல்லை.

"வெயிட்டிங் லிஸ்ட்டுல முப்பத்திரண்டு வருசமுங்க அம்மணி," என்றார் ரமேஷ்பாபு. "வண்டியவே கேன்சல் பண்ணிப்போட்டாங்கன்னு யாரும் அந்த ஆளுக்குச் சொல்லல."

இரண்டு மணிக்கு இருவரும் கடையின் பக்கவாட்டில், காகித விளக்குகளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். குரங்குக் குல்லாக்கள் வந்தவண்ணம் இருந்தன. பச்சைக் குல்லா பேத்திக்குப் பொம்மை வாங்கியது. கறுப்புக் குல்லா எல்லாவற்றுக்கும் விலை கேட்டுவிட்டு எதுவும் வாங்காமல் போனது. ரமேஷ்பாபு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டேஷன் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டேகாலுக்கு ஒரு பழுப்புக் குல்லா நேராக ஜெயப்ரியாவிடம் வந்தது. சாம்பல் ஸ்வெட்டர், மடித்துக் கட்டாத வேட்டி.

"ஏ பிள்ள, நேத்துக் குடுத்ததுக்கும் ஒண்ணும் சொல்லலியே அவ," என்றது குல்லாவுக்குள்ளிருந்து ஒரு குரல்.

கேக் கடைக்காரன் பெல்லை அடித்துக் கூவியதில் கீதாஞ்சலிக்குக் குரல் சரியாக விழவில்லை. ஆள் வந்துவிட்டார் என்பது போதும். அவள் போனை எடுத்துப் பெத்துராஜின் எண்ணைத் தேடினாள். விரலை வைக்கப் போனபோது ரமேஷ்பாபுவின் கை வந்து போனின் மேல் மூடியது.

"கூப்பிடாதீங்க அம்மணி."

"ஏன்? அவர்தானே சொல்லணும்னு சொன்னார்?"

ரமேஷ்பாபு கண்ணை எடுக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது முகத்தை அல்ல. கீதாஞ்சலி அவருடைய பார்வை போன வழியில் கீழே பார்த்தாள். வேட்டிக்குக் கீழே ரப்பர் செருப்பு. செருப்புக்குள் வலது கால். கட்டைவிரல் நகம் இரண்டாகப் பிளந்து கறுத்திருந்தது.

அவள் போனைப் பைக்குள் போட்டாள்.

பெத்துராஜ் நிதானமாகத் தேடினார். ஒரு பெரிய காகித நட்சத்திரத்தை எடுத்தார். வெள்ளி ஜிகினா தூவி, நடுவில் துணி வைத்தது. இரண்டு கையாலும் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலை கேட்டார். அநியாயம் என்றார். ஜெயப்ரியா பெயர் தைத்து முடிக்கும்வரை குனிந்து நின்று பார்த்தார். வாங்கிக்கொண்டு திரும்பியவர் ரமேஷ்பாபுவின் மேல் இடித்துக்கொண்டார். மன்னிச்சிக்கிடுங்க என்றார். காலையில் ஒரு மணி நேரம் உட்காரவைத்து யாரிடம் மனசைக் கொட்டினாரோ அந்த ஆளின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து, முன்பின் தெரியாதவரிடம் சொல்கிற மாதிரி சொன்னார். போய்விட்டார்.

*

இன்னொரு ஆட்டோவில் பின்னாலேயே போனார்கள். பெத்துராஜ் கடை ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே நுழைந்தார். ஐந்து நிமிடத்தில் பொட்டலத்தோடு வெளியே வந்தார். மாடிக்கு ஏறினார். பால் பைக்குள் பொட்டலத்தை இறக்கி, அது வெளியே தெரிகிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்து, சின்னப்பிள்ளை மாதிரி ஓசைப்படாமல் கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார்.

கீதாஞ்சலியும் ரமேஷ்பாபுவும் மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்தார்கள். நாலரை மணி வரை ரமேஷ்பாபு ஒரு வார்த்தை பேசவில்லை. ரயில்வேயில் இருந்திருந்தால் இதற்கு ஒரு மெடல் கொடுத்திருப்பார்கள்.

கதவு திறந்தது. குல்லா இல்லை. முகம் கழுவி, தலை சீவி, கடைச் சாவியோடு பெத்துராஜ் வெளியே வந்தார். பையைப் பார்த்தார். அப்படியே நின்றார். பிறகு படியில் இருந்தவர்களைக் கவனித்தார்.

"இங்கயா இருக்கிய? நல்லதாப் போச்சு. இன்னிக்கும் வச்சிட்டுப் போயிருக்கான் பாருங்க. ஆள் கெடச்சானா?"

"கிடைச்சார் அண்ணாச்சி," என்றாள் கீதாஞ்சலி.

"முத்துக்குமாருதான?"

"இல்ல."

இன்சூரன்ஸ் காலத்தில் எத்தனையோ பேரிடம், நீங்கள் சொல்வது பொய் என்று மேசையில் தாளைத் தட்டிச் சொன்னவள் அவள். இங்கே பொய் சொன்னவர் யாரும் இல்லை.

"பொட்டலத்தைத் தொடாதீங்க அண்ணாச்சி. முதல்ல உங்க கையைக் கொஞ்சம் பாருங்க."

பெத்துராஜ் கையை விரித்தார். விரல் இடுக்கில், நகக்கண்ணில், ரேகைகளில் வெள்ளி ஜிகினா மின்னியது. முகம் கழுவிய தண்ணீருக்கு அது போகவில்லை. அவர் கட்டைவிரலால் தேய்த்தார். அது பக்கத்து விரலுக்கு ஏறியது.

"கடையில ஒட்டிருக்கும்," என்றார்.

"கடையில ஜிகினா விக்கிறீங்களா?"

இல்லை என்று தலையசைத்தார். கீதாஞ்சலி எழுந்துபோய்ப் பொட்டலத்தை எடுத்து, அவர் முன்னால் பிரித்தாள். நட்சத்திரம் படி முழுக்கத் தூளைக் கொட்டியது. அவர் அதைப் பார்த்தார், கையைப் பார்த்தார். ஸ்வெட்டர் பைக்குள் கைவிட்டுக் குல்லாவை வெளியே எடுத்தார். அதன் மேலும் வெள்ளி. சாவியைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியில் உட்கார்ந்தார்.

கீழே தெருவில் ஆட்டோக்காரன் ஒருவன் கடியா, கடியா என்று போகிற இடத்தைச் சொல்லி ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் வண்டி நிரம்பிப் போனது.

"ஒரு ஆள விட்டுட்டேன்னு சொன்னேம்லா," என்றார் பெத்துராஜ் கடைசியில். "சரியாத்தான் சொல்லிருக்கேன்."

கீதாஞ்சலி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கோயமுத்தூரில் இருக்கும் அவருடைய மகன் சுரேஷ்குமாரிடம் இன்று இரவே பேசுவதாகச் சொன்னாள். நல்ல டாக்டர் ஒருவர் இருக்கிறார், நாளைக்கே நேரம் கேட்டு வாங்குகிறேன் என்றாள். அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றார். அவருடைய யோசனை வேறெங்கோ இருந்தது.

"அங்க அவன் எப்பிடி இருக்கான்?" என்று கேட்டார். "சந்தோசமா இருக்கானா?"

கீதாஞ்சலி ரமேஷ்பாபுவைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார். "பேரம் பேசறாருங்க."

"பேரம் பேசுதானா?"

"நூத்தம்பதுன்னு சொன்னத நூத்திப்பத்துக்கு வாங்கிப்போட்டாருங்க."

பெத்துராஜின் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்து போனது. பிறகு அது கலைந்தது. "ஆனா அவ ஒண்ணும் சொல்லலன்னு நெனச்சிக்கிட்டு இருக்கான். அவ கோவிச்சுக்கிட்டு இருக்கான்னு. அது அவ செத்துட்டான்னு கேக்கதவிடக் கொடுமைல்லா. நான் சொல்லுதேன்னேன். அது இனிம முடியாது. அவன் வாற நேரத்துல நான் இருக்க மாட்டேன்." ரமேஷ்பாபுவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு நீங்க சொல்லிருங்க அய்யா. அதட்டிச் சொல்லிராதிய. கைய இப்பிடிப் பிடிச்சிக்கிட்டுச் சொல்லுங்க."

*

மறுநாள் கீதாஞ்சலி டாக்டரிடம் போனாள். நானும் வருகிறேன், சந்தைக்கு இருவரும் போவோம் என்று அவள் சொன்னதற்கு, ரமேஷ்பாபு வேண்டாம் என்றுவிட்டார். இருபத்தெட்டு வருடம் நடுராத்திரியில் எழுப்பி, உங்களுக்கு இந்தப் பெர்த் இல்லை என்று சொல்லிப் பழகிய வாய் இது என்றார். கர்ப்பிணிகளுக்குச் சொல்லியிருக்கிறேன், கல்யாணக் கோஷ்டிக்குச் சொல்லியிருக்கிறேன், மாமியாருக்கே சொல்லியிருக்கிறேன் என்றார். வழியெல்லாம் வாசகத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார். அம்மா தவறிட்டாங்க. மார்ச் மாதம். வலி இல்லாமப் போனாங்க. மூன்றே வரி.

இரண்டேகாலுக்குப் பழுப்புக் குல்லா வந்தது. ஜெயப்ரியா இவரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குக் காலையிலேயே விஷயம் சொல்லியாகிவிட்டது.

"நட்சத்திரத்துக்கும் ஒண்ணும் சொல்லல பிள்ள," என்றார் பெத்துராஜ். ஒரு துணிப் பூவை எடுத்தார். வைத்தார். ஒரு மெழுகுவத்தியை எடுத்தார். பக்கத்தில் வந்து நிற்கிற புது மனிதரைப் பார்த்து, வழிகேட்கிற மாதிரி கேட்டார். "நீங்க சொல்லுங்க அய்யா. பொம்பளையளுக்கு இது பிடிக்குமா? எனக்கு ஒண்ணும் பிடிபடல."

ரமேஷ்பாபு அவருடைய கையைப் பிடித்தார். அதுவரை திட்டம் சரியாகத்தான் நடந்தது. குல்லாவுக்குள்ளிருந்து இரண்டு கண்கள், பதிலுக்காக, அவரையே பார்த்தன. மூன்று வரிகளில் முதல் வரி வாயருகே வந்து நின்றது. அங்கேயே நின்றது.

"நான் உங்க வீட்டுக்கு எதிர்ப்புறம்தானுங்க குடியிருக்கேன்," என்றார் ரமேஷ்பாபு. "உங்க வீட்டம்மா நேத்து என் சம்சாரத்துகிட்டச் சொன்னாங்களாமுங்க. இத்தனை வருசத்துல இப்பிடி ஒரு நட்சத்திரம் பாத்ததில்லன்னு. சால்வைய ராத்திரி போத்திட்டுத்தான் தூங்கறாங்களாம். உங்ககிட்டச் சொன்னா, நீங்க இன்னும் செலவு பண்ணுவீங்கன்னு சொல்லாம இருக்காங்களாமுங்க."

"அப்பிடியா சொன்னா?"

"ஆமாங்க."

"அவதான் சொல்லிருப்பா. அவ அப்பிடித்தான்." பெத்துராஜ் மெழுகுவத்தியை இருந்த இடத்திலேயே வைத்தார். குல்லாவைக் கொஞ்சம் தூக்கி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்பம் இன்னிக்கு ஒண்ணும் வேண்டாம் பிள்ள. நான் வீட்டுக்குப் போறேன்." இரண்டு அடி போய்த் திரும்பி, ரமேஷ்பாபுவைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் கூட்டத்துக்குள் வேகமாகப் போனார்.

நடந்ததை ரமேஷ்பாபு போனில் கீதாஞ்சலிக்கு ஒரு சொல் மாற்றாமல் சொன்னார். அவள், நான் போயிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன், ஆனால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது என்றாள். டாக்டர் இருபத்தி மூன்றாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார், மகன் நாளை இரவு வருகிறான் என்றாள்.

நாலரைக்கு ரமேஷ்பாபு மாடிப்படி ஏறினார். பெத்துராஜ் கதவைத் திறந்து நின்றுகொண்டிருந்தார். கையில் பால் பை. உள்ளே ஒன்றும் இல்லை. அதைத் தலைகீழாக உதறிப் பார்த்திருந்தார்.

"வரல," என்றார். "அப்பம் சொல்லிட்டியளா?"

ரமேஷ்பாபு ஆமாம் என்று தலையசைத்தார்.

"கையப் பிடிச்சிக்கிட்டா?"

"பிடிச்சிட்டுத்தானுங்க."

"அழுதானா?"

"இல்லீங்க. வீட்டுக்குப் போறேன்னு கிளம்பிட்டாருங்க."

பெத்துராஜ் வெறும் பையை மடித்தார். இன்னொரு தடவை மடித்தார். முகம் தெரியாத அந்த ஆளை நினைத்து அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வீட்டுக்கா," என்றார். "பாவம். அங்க யாரு இருக்கா அவனுக்கு?"